எழுத்துக்கூட்டில் ஒளிந்திருக்கும் புத்தகங்கள்

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு மாணவர்களே,

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லையோர ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கிறீர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும், வகுப்பில் மலையாளமும் ஆங்கிலமும். நூலகத்துக்குள் நுழைந்தால் இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. தேடிய தமிழ்ப் புத்தகம் கணினியில் வரவில்லை என்றதும் "இங்கே இல்லை" என்று திரும்பிவிடுகிறீர்கள். பல நேரம் அது அடுக்கில்தான் இருக்கும். நீங்கள் தட்டிய எழுத்துக்கூட்டில் பதிவாகியிருக்காது, அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலகப் பட்டியலில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிவது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் பதிபவர் 'எஸ்' எழுத்தில் தொடங்குவார். மலையாளக் காதுக்கு அது 'சிலப்பதிகாரம்' என்று அழுத்தமான சகரத்தோடு கேட்பதால், இங்கே பதிபவர் 'சி, எச்' போட்டுத் தொடங்குவார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றும் ஆய்வு நூலகங்கள் வெறும் 'சி' மட்டும் போடும். ஒரே நூல், மூன்று இடம். தகரத்துக்கு 'எச்' சேர்ப்பதா விடுவதா, ழகரத்துக்கு 'இசட், எச்' போடுவதா 'எல்' போடுவதா என்று ஒவ்வொரு எழுத்திலும் பாதை பிரிகிறது. மூன்று கூட்டிலும் தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்லாதீர்கள். கேரளக் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருளில், சந்தேகமில்லாத முதல் நான்கைந்து எழுத்துகளைத் தட்டி ஒரு நட்சத்திரக் குறி இட்டால், மிச்சம் எப்படி முடிந்தாலும் வந்துவிடும்.

தமிழ் எழுத்திலேயே பதிந்திருந்தாலும் தொல்லை தீர்ந்ததில்லை. யூனிகோடு வருவதற்கு முன் உள்ளிட்ட பதிவுகள் பழைய எழுத்துருக்களில் இருக்கும். சில இடங்களில் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்து.

சொல் கைவிட்டால் எண்ணைப் பிடியுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812. தமிழ் மொழியியல் 494.811. எண்ணுக்கு எழுத்துக்கூட்டு கிடையாது. அந்த எண் உள்ள அடுக்கின் முன் பத்து நிமிடம் நின்று முதுகுத் தலைப்புகளைப் படிப்பது, ஒரு மணி நேரம் தட்டித் தேடுவதைவிடப் பயன் தரும். படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை நூலகத்தின் நான்காம் விதியாக 1931-இல் எழுதி வைத்தவர் சீர்காழிக்காரரான ரங்கநாதன். அந்த விதிப்படி உங்களுக்கு உதவத்தான் நூலகர் இருக்கிறார். அவரிடம் போகும்போது "டீச்சர், அந்தப் புத்தகம் இருக்கா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், எந்தெந்தக் கூட்டில் தேடிப் பார்த்தீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். இங்கே இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கும் ஏற்பாடு உங்கள் கல்லூரியில் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். வந்து சேர நாள் பிடிக்கும்.

இணையத்துக்கு வருவோம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டன. அறிவியல், பொருளியல் மாணவருக்கு இது பெரிய கொடை. தமிழ் படிப்பவருக்கு அதில் கிடைப்பது குறைவு. உங்களுக்கான களம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்காவும். சோத்கங்காவில் பல தமிழ் ஆய்வேடுகள் பழைய எழுத்துருவில் ஏறியவை, சில வெறும் படங்கள். உள்ளே சொல் தேடினால் ஒன்றும் வராது. பல்கலைக்கழகம், துறை என்று படிப்படியாக இறங்கித் தலைப்புகளைக் கண்ணால் பாருங்கள். கிடைத்த ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலை முதலில் படியுங்கள். முன்னால் போனவர் உங்களுக்காகப் போட்டு வைத்த பாதை அது.

குறிப்பு எடுக்கும்போதே ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பதிப்பு, ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பதிப்பு மாறினால் பக்கம் மாறும். துணைநூற்பட்டியல் தயாரிக்க உதவும் ஜோட்டீரோ போன்ற மென்பொருள் தமிழ்ப் பெயரை முன்பெயர், குடும்பப்பெயர் என்று வெட்டித் தலைகீழாக்கும். இரண்டு கட்டங்களாக இருக்கும் பெயரை ஒற்றைக் கட்டமாக மாற்றி உள்ளிட்டால் தப்பலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி, 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. எல்லைப்புற மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மலையாள நூலில் ஒரு பத்தியைத் தமிழாக்கி, பெயர் சொல்லாமல் போட்டால் ஒப்புமைக் கருவிக்குப் பிடிபடாமல் போகலாம். ஆனாலும் அது திருட்டுதான். இரண்டு மொழியும் தெரிந்த தேர்வாளர் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர்.

பாடத்தில் பின்தங்கினால் ஸ்காலர் சப்போர்ட் திட்டத்தின் கூடுதல் வகுப்புகள் இருக்கின்றன. பெயர் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

2024-இல் கேரளத்தில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஆய்வுத் திட்டம் செய்யப்போகும் பிள்ளைகள் சொந்த ஊரின் வரலாற்றை எடுக்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசை. ஆனால் ஆவணம் எங்கே என்று தெரியாமல் அலைவார்கள். 1956-க்கு முன் பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரோ 1949 வரை கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. அதனால் பாலக்காட்டைப் பற்றிய பழைய கோப்புகளைக் கோழிக்கோடு வட்டார ஆவணக்காப்பகத்திலும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் தேட வேண்டும். சித்தூருக்கு எர்ணாகுளம் ஆவணக்காப்பகத்துக்குப் போக வேண்டும். தேவிகுளம், பீர்மேடு என்றால் திருவிதாங்கூர்க் கோப்புகள், ஆகவே திருவனந்தபுரம். துறைத்தலைவரின் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கோப்பைப் படமெடுக்க அனுமதி உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கையால் படியெடுக்க வேண்டிவரும், அதற்கேற்ப நாள் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.