நிற்கும்போதும் தின்கிறது கார்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, மதினிமார்களே, மார்கழிப் பனி இன்னும் விடாத இந்த ராத்திரியில் பந்தலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருக்காரர்களே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

"சைக்கிள் ஓட்டுகிறவர் கையில் மிஞ்சும் காசு முதலில் போகவேண்டியது சைக்கிளுக்கா, காருக்கா?" இதுதான் தலைப்பு. நான் சைக்கிள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அம்புகளை விட்டுவிட்டு உட்கார்ந்தார். சைக்கிளுக்குப் போய் அரை லட்சம் செலவழிப்பது கொழுப்பு என்பது ஒன்று. அம்மாவைக் கேரியரில் வைத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாய் என்பது இரண்டு. கார் இல்லாத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது மூன்று. நீங்களும் நன்றாகக் கை தட்டினீர்கள். நான் மைக்கைப் பிடிக்கிற நேரத்தில் விழாக் குழுவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: பந்தல் வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர் உடனே வந்து வண்டியை எடுக்கவும். எழுந்து போனது யார் என்று நீங்களே பார்த்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ஒரு உண்மை. என் வீட்டிலும் கார் நிற்கிறது. எதிரணி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. கார் கூடாது என்று பேச நான் வரவில்லை, தலைப்பும் அதைக் கேட்கவில்லை. பந்தியில் எல்லாருக்கும்தான் சாப்பாடு. முதல் இலை யாருக்கு என்பதில்தானே சண்டையே வருகிறது?

சரி, கணக்குக்கு வருவோம். நம்மில் பலர் காருக்குக் கணக்குப் பார்ப்பது பெட்ரோல் பங்கில் மட்டும்தான். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டதே என்று புலம்புவோம். ஆனால் பெட்ரோல் ஓடினால் ஆகிற செலவு. ஓடாமல் நின்றால் என்ன ஆகிறது?

8 லட்ச ரூபாய்க்கு ஒரு புதுக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு மதிப்புப் போட இன்சூரன்ஸில் ஓர் அட்டவணை உண்டு. முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும். ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டாம் வருஷம் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தாம் வருஷம் 50. நீங்கள் ஓட்டினீர்களா, போர்ட்டிகோவில் உறை போட்டு மூடி வைத்தீர்களா என்றெல்லாம் அந்த அட்டவணை விசாரிக்காது. ஐந்து வருஷத்தில் 4 லட்சம் காலி. நாள் கணக்கில் 219 ரூபாய். அப்புறம் ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 8 லட்சத்துக்கு 1,04,000. அதை 15 வருஷத்துக்குப் பரப்பினாலும் நாளைக்கு 19 ரூபாய். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரை, 2022இல் வைத்த விகிதப்படி வருஷத்துக்கு 3,416. நாளைக்கு 9 ரூபாய் சொச்சம். கூட்டுங்கள், 247 வருகிறது. கடன் வட்டியை நான் சேர்க்கவே இல்லை, பொங்கலும் அதுவுமாக உங்களை அழவைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதாவது, நீங்கள் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிற கார் 247 ரூபாயைத் தின்றுவிட்டு ஏப்பம்கூட விடாமல் நிற்கிறது. மாதத்துக்கு 7,400. அந்தக் காசில் மகளுக்கு நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிவிடலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பஸ்ஸுக்கும் ஆண்பிள்ளைக்கும் காத்திருக்காமல் சந்தைக்குப் போனார்கள், தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு கார் என்கிறீர்களே, அதை ஓட்டுகிறவர் வீட்டில் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் அவருக்கு எப்போது ஒழியும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, ஆயுள் வரி கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. உடனே எதிரணியில் ஒரு அண்ணாச்சி கை தூக்குகிறார். சிறிய காருக்கும் அதே தேதியில் 28இலிருந்து 18 ஆனதே என்கிறார். ஆனது அண்ணாச்சி, மறுக்கவில்லை. யானை தள்ளுபடியில் வருகிறது என்று வாங்கிவிடலாம். தீனி தள்ளுபடியில் வராதே!

இப்போது என் சொந்தக் கதை. 2023 டிசம்பர் 17, 18. நம் திருநெல்வேலியில் யாருக்கும் அந்த வெள்ளத் தேதிகளை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி நம் வீடுகளுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்போது நாங்கள் சிந்துபூந்துறையில் குடியிருந்தோம். வாசலில் தவணை முடியாத கார். நடையில் என் சைக்கிள். தண்ணீர் படியேறுகிறது. எதைத் தூக்குவேன்? தூக்க முடிந்ததைத்தானே தூக்க முடியும். 12 கிலோ சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். காரை மாடியிலிருந்து பார்த்தேன். முதலில் சக்கரம் மறைந்தது, அப்புறம் நம்பர் பிளேட், அப்புறம் கதவுக் கைப்பிடி.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசையில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இஞ்சினைச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அந்தச் சேதத்துக்குக் காசு வேண்டுமென்றால் இஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நான் கட்டவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வண்டியைப் பார்க்க வந்தவர் ரொம்பத் தன்மையாகப் பேசி, காபியும் குடித்துவிட்டு, இஞ்சினுக்கு ஒன்றும் கிடைக்காது என்றார். கிடைத்த விலைக்குத் தள்ளினேன். அதன்பிறகும் ஏழு மாதம், இல்லாத காருக்குத் தவணை கட்டினேன்.

மாடிக்குப் போன சைக்கிள் மூன்றாம் நாள் கீழே இறங்கியது. அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்தது அதுதான். சேறு போன ஹப்பைப் பிரித்து, பால்ரஸைக் கழுவி, கிரீஸ் வைத்ததற்கு ஆன செலவை நான் சொன்னால் எதிரணி நம்பாது. 250 ரூபாய்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப்போவாய் என்றார்களே, அதற்குப் பதில் என் வீட்டுக்காரியின் நோட்டில் இருக்கிறது. 14 மாதம் எங்கள் வீட்டில் கார் கிடையாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, கல்யாணம், சடங்கு, தென்காசியில் ஒரு சாவு வீடு, எல்லாவற்றுக்கும் வாடகைக் கார், ஆட்டோ. ஒன்றுவிடாமல் எழுதி வைத்தாள். மொத்தம் 38,600. அதே 14 மாதத்துக்கு அந்த 247 ரூபாயைப் பெருக்கிப் பாருங்கள், 1 லட்சத்து 5 ஆயிரத்தை நெருங்கும். அம்மாவுக்கு வருத்தம் உண்டா என்றால், ஒரு நாள் இறங்கும்போது சொன்னாள்: "ஏ ஐயா, இந்த டிரைவர் உன்னய விட மெதுவா ஓட்டுதான். இனிமே இவனயே கூப்புடு."

பிறகு ஏன் கார் வாங்கினாய் என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது, வாரம் இரண்டு தடவை போகவேண்டி வந்தது, வாங்கினேன். ஆறு வருஷம் ஓடிய சின்னக் கார். முதல் ஐந்து வருஷத் தேய்மானத்தை யாரோ ஒரு புண்ணியவான் எனக்காகச் சுமந்திருக்கிறார். அவர் எதிரணியில் உட்கார்ந்திருந்தால் என் நன்றி. சைக்கிள்காரன் காரை வாங்கவேண்டிய முறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். சைக்கிளுக்கு ஆகவேண்டியதைச் செய்துவிட்டு, மிச்சத்துக்கு என்ன கார் வருகிறதோ அந்தக் கார்.

ஆனால் நடப்பது தலைகீழ். அதற்கும் நானே சாட்சி. வெள்ளத்துக்கு முந்திய வருஷம், மேலப்பாளையம் போகிற வழியில் இருக்கிற சைக்கிள் கடைக்குக் காற்றடிக்கப் போனேன். கடைக்கார பாய் கேட்காமலே 12 அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்துச் செயின் மேல் வைத்தார். செயினில் ஒரு கண்ணுக்கு அரை அங்குலம். 24 கண்ணுக்கு 12 அங்குலம், ஆணிக்கு ஆணி சரியாக நிற்கவேண்டும். என் செயினில் கடைசி ஆணி அரை நூல் தள்ளி நின்றது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "அண்ணாச்சி, அரை நூல்னா செயினோட போவும். ஒரு நூல் ஆச்சுன்னா பின்னால பல்லயும் தின்னுரும், பாத்துக்கிடுங்க" என்றார். செயின் 1,100 ரூபாய். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். அதே மாதம் காருக்குச் சீட் கவர் போட்டேன், 6,000 ரூபாய். யோசிக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது ஒரு நூல் நீண்டிருந்தது, பின் பல்லெல்லாம் ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. செயினோடு காசெட் என்கிற அந்தப் பின் பல்சக்கரக் கொத்தும் சேர்த்து 3,500. அந்தச் சீட் கவரோ வெள்ளத்தில் ஊறிப்போய் நாறிக் கிடந்தது.

பாருங்கள், காருக்குச் செலவழித்தால் வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை. சைக்கிளுக்கு ஒரு டயர் வாங்கினால், "போன வருஷம்தானே மாத்தினிய?" என்று வீடே கேட்கிறது. தினமும் நம்மைச் சுமக்கிற வண்டிக்குக் கஞ்சி ஊற்றக் கணக்கு, சும்மா நிற்கிறதுக்கு விருந்து.

அரை லட்சம் கொழுப்பு என்ற அம்புக்கு வருகிறேன். ஆனி ஆடியில் பேட்டையைத் தாண்டிச் சேரன்மகாதேவிப் பக்கம் சைக்கிளில் போயிருக்கிறீர்களா அண்ணாச்சி? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நேரே நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். கயத்தாற்றில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டுவைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் கியர் இல்லாத வண்டி ஒரு தண்டனை. நல்ல கியர், நல்ல பிரேக், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, இதற்கு ஆகிற காசு ஆடம்பரத்தில் சேராது. நான்குவழிச் சாலையில் காருக்குள் இருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் விளக்குக்கும் பிரேக்குக்கும் முதலில் காசு ஒதுக்குங்கள் என்கிறேன்.

என் அணியிலும் கிறுக்கர்கள் உண்டு, மறைக்கவில்லை. உலக அளவில் சைக்கிள் பந்தயம் நடத்துகிற அமைப்பே 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளைப் பந்தயத்தில் விடுவதில்லை. எங்கள் ஆள் ஒருவர் கால் கிலோ எடை குறைக்க 40,000 ரூபாய்க்குச் சக்கரம் மாற்றினார். மாற்றிய அன்று சந்தோஷத்தில் அரை கிலோ அல்வா சாப்பிட்டார். இன்னொருவர் மூன்று லட்சத்துக்கு சைக்கிள் வாங்கி, அதை ஏற்றிப்போக ஒரு பெரிய கார் வாங்கி, பாபநாசம் வரை காரில் போய், அங்கே இறக்கி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறார். அவரை எந்த அணியில் சேர்ப்பது என்று நடுவர்தான் சொல்லவேண்டும்.

பெண் கொடுக்கிற விஷயம். காரில் வந்து இறங்குகிற மாப்பிள்ளையிடம் தவணைப் புத்தகத்தை யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ்ஸும் காரும் மேல் அடுக்கில், நாங்கள் கீழ் அடுக்கில். கீழே போகிறவன்தானே என்று சிலருக்கு இளக்காரம். சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு வந்து பாருங்கள், நிழல் முழுக்க எங்கள் பக்கம்தான் விழுகிறது.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் அவர்களே, ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லுங்கள். காரை எடுக்கப் போன எதிரணித் தலைவர் இன்னும் திரும்பவில்லை. தெருவில் இடம் கிடைக்காமல் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டாராம், இப்போதுதான் போன் வந்தது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்துகொண்டிருக்கிறார். விழாக் குழு சம்மதித்தால் நான் வேண்டுமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிவருகிறேன். கேரியர் இருக்கிறது.