புரதம் எல்லாம் ஒன்றுதானே? மீன் தீன் பற்றி ஒரு சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி வத்தளையில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். மாடியில் சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்க்கிறாராம். மீன் தீன் விலை கட்டுபடியாகவில்லை என்று இரண்டு மாதமாகத் தேங்காய்ப் புண்ணாக்கும் முட்டைக்கோழித் தீனும் போடுகிறார். மீன் வளரவில்லை, தண்ணீர் நாறுகிறது. "புரதம் புரதம்தானே அண்ணா, எதிலிருந்து வந்தால் மீனுக்கு என்ன?" என்று கேட்கிறார்.

தம்பி, தீன் பையில் போட்டிருக்கிற சதவீதத்தை வைத்துத்தான் இப்படிக் கேட்கிறீர்கள். ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்கிவிடுவார்கள். அந்தக் கணக்குப்படி, புரதமே இல்லாமல் நைதரசன் மட்டும் நிறைந்த, வயலுக்குப் போடுகிற யூரியாவிலும் 280 சதவீதத்துக்கு மேல் 'புரதம்' வரும்! கோழி இறகு 80 சதவீதத்தைத் தாண்டும், அது உண்மையான புரதமும்தான். ஆனால் அழுத்தத்தில் நீராவி விட்டு அவிக்காத இறகைக் கொடுத்தால் மீனால் அதை உடைக்கவே முடியாது. போன மாதிரியே வெளியே வரும்.

அடுத்தது மீனின் வயிறு. திலாப்பியாவைக் கறிக்கு வெட்டும்போது குடலை அறுக்காமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கும், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு. இரைப்பையில் அமிலமும் கடுமை, பிஎச் 2க்குக் கீழேகூட இறங்கும். அதனால்தான் தாவரப் புரதம் அதற்கு ஒத்துவருகிறது. கொடுவாவுக்குக் குடல் குட்டை. அது மீனைத் தின்னப் பிறந்த மீன். கட்லா, ரோகுவுக்கோ இரைப்பையே கிடையாது, வேலை முழுக்கக் குடலில்தான்.

நன்றாகப் பதப்படுத்திய சோயாவில் உள்ள புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் திலாப்பியா செரித்துவிடும். மீன் தூளுக்கு அது பெரிதாகக் குறைந்ததில்லை. ஆனால் பச்சைச் சோயாவை இடித்துப் போட்டுவிடாதீர்கள். புரதத்தை வெட்டுகிற ட்ரிப்சின் நொதியை மடக்கிப்போடும் ஒரு பொருள் அதில் இருக்கிறது. இரவு ஊறவைத்து, அரை மணி நேரம் நன்றாக அவித்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

உங்கள் புண்ணாக்குக்கு வருவோம். புரதமே 20 சதவீதம் அளவுதான், நார் அதிகம், அதற்கு மேல் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. அமினோ அமிலங்கள்தான் புரதத்தைக் கட்டுகிற கற்கள், ஒன்று குறைந்தாலும் கட்டடம் எழும்பாது. வீட்டில் அரிசி மூட்டையாக இருந்தாலும் உளுந்து தீர்ந்தால் இட்லிக்கு மா அரைக்க முடியாது இல்லையா? அதே கதைதான். லைசின் தீர்ந்த இடத்தில் தசை கட்டும் வேலை நிற்கும். மிஞ்சிய அமினோ அமிலங்களை மீன் சக்திக்காக எரித்துவிடும், அதிலுள்ள நைதரசன் செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீருக்குள் இறங்கும். உங்கள் தொட்டி நாறுவதில் ஒரு பங்கு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம்தான் தம்பி. மற்றப் பங்கு கோழித்தீன். அது மாவாகத் தண்ணீரில் கரைந்து அடியில் அழுகும். முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புத் தூளும் அதில் நிறையச் சேர்ப்பார்கள். மீனுக்கு அது வேண்டாத சுமை.

என்ன செய்யலாம்? கோழித்தீனை நிறுத்துங்கள். அவித்த சோயாவை முதன்மையாக வைத்து, அதோடு கொஞ்சம் மீன் தூள், தவிடு, புண்ணாக்கில் ஒரு சிறு பங்கு சேர்த்துப் பிசைந்து, இடியப்ப உரலில் பிழிந்து காயவையுங்கள். சோயாவில் குறைகிற மெதியோனின் என்கிற இன்னொரு அமினோ அமிலத்தை மீன் தூள் நிரப்பும். வளர்ந்த மீனுக்கு மொத்தப் புரதம் 28 முதல் 32 சதவீதம் வந்தால் போதும்.

மீன் தூளைப் புறக்கோட்டையில் வாங்குவதென்றால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். கருகிய வாசம் அடித்து, நிறமும் கறுத்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். காய்ச்சும்போது சூடு மிஞ்சிப்போன தூள் அது. லைசின் உள்ளே இருந்தும் மீனுக்கு எடுபடாது.