இணையவழிப் படிப்பும் கெடு தேதியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். விரும்பிய நேரத்தில், விரும்பிய வேகத்தில் படிக்கலாம் என்பதையே இணையவழிப் படிப்புகளின் முதற்சிறப்பாக எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சிறப்பே பலரைப் பாதி வழியில் நிறுத்திவிடுவதை, கல்லூரியில் இத்தகைய படிப்புகளுக்கு வழிகாட்டும் ஆசிரியன் என்ற முறையில் ஒவ்வொரு பருவத்திலும் காண்கிறேன்.

அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எடெக்ஸ் என்னும் இணையவழிப் படிப்புத் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை, 2017-18-இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே படிப்பை முடித்ததாகக் காட்டியது. சும்மா எட்டிப்பார்க்க வந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதால், இதைக் கொண்டு மாணவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமாகாது. ஆனால், சான்றிதழுக்கெனப் பணம் கட்டியவர்களிலும் 46 விழுக்காட்டினரே முடித்தார்கள் என்பது நம்மை யோசிக்க வைக்கிறது.

இது இணையம் கொண்டுவந்த சிக்கலும் அன்று. அமெரிக்க உளவியலறிஞர் ஃபிரெட் கெல்லர், மாணவர் தம் வேகத்தில் ஒவ்வோர் அலகாகத் தேறிச் செல்லும் கற்பித்தல் முறையை 1968-இலேயே விளக்கி எழுதினார். அச்சிட்ட பாடத்தைக் கொண்டே நடந்த அந்த வகுப்புகளிலும், 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற தள்ளிப்போடல் தீராத தொல்லையாக இருந்தது.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய, இணையவழியில் பாடம் நடத்தும் என்பிடெல் திட்டம் இதற்கு ஒரு நடுவழியைக் கண்டிருக்கிறது. காணொளியை நள்ளிரவிலும் பார்க்கலாம். ஆனால் 2014 முதல் நடந்துவரும் அதன் சான்றிதழ்ப் படிப்புகளில் வாரந்தோறும் ஓர் ஒப்படைப்பு உண்டு, அதற்கு ஒரு கெடு உண்டு. ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வதால், காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்ட மாணவரும் 'எல்லாம் போயிற்று' என்று கைவிடாமல் மறுவாரம் வந்து சேர்ந்துகொள்ள முடிகிறது. கண்டிப்பும் தயவும் கலந்த இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இருந்தும், கெடு ஒன்றே போதாது. ஒப்படைப்புக்குக் கடைசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஒன்று ஏ, இரண்டு சி' என்று விடைகள் வரிசையாக வந்து விழும். அவற்றைச் சொடுக்கி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் தேர்வறையில் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் விடை என்ன என்று நான் கேட்பதில்லை. போட்டுப் பார்த்த தாளைத்தான் கொண்டுவரச் சொல்கிறேன். அடித்தல் திருத்தலோடு இருக்கும் தாளே எனக்கு நிறைவளிக்கிறது.

காணொளியைப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டே சாப்பிட்டு முடிப்பவர்களை நான் கண்டதுண்டு! பேராசிரியர் கணக்கைப் பலகையில் எழுதியதும், அவர் தீர்க்கத் தொடங்கும் முன் நிறுத்திவிட்டு, தாமே முயன்று பார்த்த பிறகு தொடரும்படி சொல்கிறேன். உளவியலறிஞர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். திரும்பப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதுதான் காணொளியின் ஆபத்து.

முதல் இரண்டு வாரங்களில் ஒப்படைப்பு அனுப்பாதவர்களை நான் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் மன்னிப்புத்தான் வரும். எந்தக் காணொளியில் நின்றீர்கள் என்று கேட்டால் காரணம் வரும். வீட்டில் அம்மாவின் கைபேசி ஒன்றுதான் இருக்கும். அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ஆங்கிலப் பேச்சின் வேகம் பிடிபட்டிருக்காது. காணொளியைக் கல்லூரியிலேயே தரவிறக்கி எடுத்துப் போகலாம், சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு என்ற செய்தியே சிலருக்குப் புதிதாக இருக்கிறது. பேசி முடிக்கும் முன், இந்த வார ஒப்படைப்பை எந்தக் கிழமை முடிப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்று மாலை மறுபடி அழைப்பேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அந்த அழைப்புக்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள். நன்றி, வணக்கம்.