ஓ.பி. சீட்டிலிருந்து ஆய்வு முடிவு வரை

நேயர்களுக்கு வணக்கம்.

சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956இல் அது தொடங்கப்பட்டபோது அதன் முன் இருந்தது ஒரே கேள்விதான். காசநோயாளியை சானடோரியத்தில் ஒரு வருடம் படுக்க வைத்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா? வீட்டிலேயே இருக்கவிட்டு மாத்திரை கொடுத்தால் போதாதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து இதில் இறங்கின. நெருக்கடியான பகுதிகளில் வசித்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஐசோநியாசிட், பாஸ் என்ற மருந்துகளே இரண்டு பிரிவுக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களில் 100க்கு 86 பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சாப்பாடும் ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் இவ்வளவுதான் வித்தியாசம். குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. 1959இல் வெளியான அந்த ஒரு வருட முடிவு உலகம் முழுக்க காசநோய் வைத்தியத்தின் திசையையே மாற்றியது.

இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 86, 92 என்ற எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், அந்த எண்களுக்குப் பின்னால் நடந்த வேலைதான் முக்கியம். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து, அதில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். இவை இல்லாமல் 86 என்று சொல்லியிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. மீதி 14 பேருக்கு மருந்து கேட்கவில்லையா, அவர்கள் மருந்தையே விழுங்கவில்லையா? பிரித்துச் சொல்ல வழியில்லை. மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கும் எந்த ஆய்வும் நிற்பதும் விழுவதும் யாரும் பெரிதாகப் பேசாத இந்த வேலைகளில்தான்.

முதலில், ஆய்வுக்குள் யார் வருகிறார்கள்? ஜி.எச். சிறப்புப் பிரிவுக்கு வருபவர் ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் பார்த்து, அங்கிருந்து அனுப்பப்பட்டவர். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்குபவர் அப்படியில்லை. ஒரு சோதனை நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறப்புப் பிரிவில் 1,000 பேருக்கு அதைச் செய்கிறோம். அவர்களில் 400 பேருக்கு நோய் உண்டு. அப்போது 420 பேருக்கு 'பாசிட்டிவ்' வரும், அதில் 360 பேர் உண்மையான நோயாளிகள். ஏழு பேரில் ஆறு பேர். பரவாயில்லை. அதே சோதனையை, 1,000 பேரில் 20 பேருக்கு மட்டும் நோய் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்தால், 116 பேருக்கு 'பாசிட்டிவ்' வரும். உண்மையான நோயாளிகள் 18 பேர்தான். மீதி 98 பேரை வீணாகப் பயமுறுத்தி, ஸ்கேனுக்கு அனுப்புவோம். சோதனையில் குறையில்லை, இடம் மாறிவிட்டது. பெரிய மருத்துவமனையில் கிடைத்த முடிவை அப்படியே சிறிய இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய கணக்கு தெரியவில்லை.

சிறிய இடத்துக்கு என்று யோசித்தே செய்த வேலையும் நம் ஊரில் உண்டு. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் பங்கு பெரிது. காசநோய் உறுதியானவர்களில் யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அதில் எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ கேட்கவில்லை. உயரமும் எடையும் பார், காலில் வீக்கம் உண்டா பார், நிமிடத்துக்கு மூச்சு 24ஐத் தாண்டுகிறதா எண்ணு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே போகிறதா பார், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா பார். செவிலியர் ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

அடுத்தது குலுக்கல். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. ஊகிக்கவும் முடியக் கூடாது. ஒற்றைப்படைத் தேதியில் வந்தால் புது மருந்து, இரட்டைப்படைத் தேதியில் பழைய மருந்து என்று வைத்தால் கதை கந்தலாகிவிடும். நோய் முற்றியவரைப் பார்த்ததும், 'நாளைக்கு வாங்கம்மா' என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள், ஆனால் புது மருந்துப் பிரிவில் தெம்பானவர்களாகச் சேர்ந்துவிடுவார்கள். வரிசை எண் போட்ட, ஒட்டிய உறைகள் இதற்காகத்தான். உறை மெல்லிசாக இருந்தால் டியூப் லைட்டில் பிடித்துப் படித்துவிடலாம். அதனால் உள்ளே அலுமினியத் தாள் வைப்பார்கள், ஒரு கார்பன் தாளும் வைப்பார்கள். உறையைப் பிரிப்பதற்கு முன் மேலே நோயாளியின் பெயரையும் தேதியையும் எழுதினால் அது கார்பன் வழியாக உள்ளிருக்கும் சீட்டில் பதியும். பிரித்த பிறகு பெயரை மாற்ற முடியாது. இப்போது பல இடங்களில் கணினியே ஒதுக்கீட்டைச் சொல்லிவிடுகிறது. இன்டர்நெட் படுத்துக்கொண்டால் மறுபடி உறைதான்.

அளவெடுப்பதில் நடக்கும் கோளாறுகளுக்கு அளவே இல்லை. மாடிப்படி ஏறி வந்தவரை அப்படியே உட்கார வைத்து பி.பி. பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பி.பி. கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். ஒரு நிலையத்தின் பதிவேட்டில் 130, 140, 150 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே இருந்தால், அங்கே கருவியை யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். ஆய்வில் சேர 140 வேண்டும் என்ற விதி இருந்து, 140, 142 மட்டும் குவிந்து கிடந்தால் இன்னும் மோசம்; ஆளைச் சேர்ப்பதற்காக எண்ணை ஏற்றி எழுதியிருக்கலாம்.

சர்க்கரைக்கு எடுத்த ரத்தமும் சும்மா இருக்காது. குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்; அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தம் பெட்டியில் காத்திருந்து பதினொன்றுக்கு ஆய்வகம் போனால், வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு 110 சொச்சம் என்று வரலாம். சர்க்கரை நோய் மறைந்துவிட்டது! ஃபுளோரைடு போட்ட குழாய் உதவும், ஆனால் அதுவும் முழுதாகத் தடுக்க நான்கு மணி நேரம் வரை பிடிக்கும். எடுத்த அரைமணிக்குள் இயந்திரத்தில் சுழற்றி அணுக்களைப் பிரிப்பது அல்லது ஐஸில் வைப்பதுதான் வழி. ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போது இந்த ஐஸ் பெட்டியையும் பைக்கில் கொண்டுபோகும் ஆளையும்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சர்க்கரை என்றதும் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேர் சேர்ந்தார்கள். சும்மா விட்ட பிரிவில் மூன்று ஆண்டில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று வழிகாட்டிய பிரிவில் 39 பேருக்கு வந்தது. 250 மில்லிகிராம் மெட்ஃபார்மின் இரண்டு வேளை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் லாபமில்லை. '28 சதவீதம் தடுப்பு' என்று தலைப்புப் போடலாம், '100 பேரில் 16 பேர் தப்பினார்கள்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான். விளம்பரத்தில் முதலாவதுதான் வரும். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள்.

சேர்ந்தவர்கள் திரும்பி வருவது அடுத்த பாடு. உடம்பு தேறியவர் வரமாட்டார், மிகவும் மோசமானவரால் வர முடியாது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் அருமருந்தாகத் தெரியும். சென்னையில் இதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. வாடகை வீடு மாறுவார்கள். ஆற்றங்கரைக் குடியிருப்பை அகற்றிப் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பியிருப்பார்கள். சிம் கார்டு மாறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகை சரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் மாத்திரையை இங்கேயே விட்டுப் போயிருப்பார். எனவே சேர்க்கும் நாளிலேயே மூன்று போன் நம்பர் வாங்க வேண்டும், அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் நல்லது. சொந்த ஊர் விலாசமும், வீட்டுக்கு அடையாளமாகக் கோயிலோ டீக்கடையோ எழுதிக்கொள்ள வேண்டும். கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் வரவு என்பது ஒரு நாள் சம்பளம். அந்த இழப்பையும் ஆட்டோ காசையும், ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு கொடுத்துவிடுவதுதான் நியாயம். வராதவர் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்பதைக் கடைசி அறிக்கையில் மறைக்காமல் எழுத வேண்டும். பாதியில் மருந்தை நிறுத்தியவரையும் முதலில் ஒதுக்கிய பிரிவிலேயே வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

இனி, உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ ஆய்வில் சேரச் சொன்னால் என்ன செய்வது? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் வேலை செய்யாத, சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூட இருந்து, வாசித்துக் காட்டியதைக் கேட்ட பிறகுதான் கைரேகை வைக்க வேண்டும். ஆய்வுக்குழுவின் செவிலியரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. புது வேதிப்பொருள் மருந்தின் சோதனையில் எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக் கூடியவர்களைச் சேர்த்தால், ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு மட்டும். படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் இருக்கும். நாமினி என்றதும், 'உயிருக்கு ஆபத்தா சார்?' என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். பாதிப்பு வந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சட்டம் கேட்கும் விவரம் அது. இதைப் படிவத்தை நீட்டும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்; ஏனோ பெரும்பாலும் சொல்வதில்லை.

அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு வரலாம். வேண்டாம் என்றாலும், சேர்ந்து பாதியில் விலகினாலும், வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. கையெழுத்தான படிவத்தின் பிரதி ஒன்று உங்களுக்குச் சொந்தம். ஆய்வின் பதிவு எண்ணையும் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். ஆட்களைச் சேர்த்துவிட்டு, முடிவு எப்படி வருகிறது என்று பார்த்த பின் கேள்வியை மாற்றிக்கொள்ளும் வித்தையை அது தடுக்கிறது.

மருந்துச் சோதனையில் சேர்ந்த பின் மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு உடம்புக்கு வந்தால், அது எந்த மருத்துவமனையாக இருந்தாலும், ஆய்வு மருத்துவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படி, அவர் 24 மணி நேரத்துக்குள் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் சோதனையை நடத்தும் நிறுவனத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். இலவச சிகிச்சையும் தர வேண்டும். உங்கள் படிவத்தில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும்: ஒன்று ஆய்வு மருத்துவருடையது, மற்றது நெறிமுறைக் குழுவுடையது. முதல் எண்ணில் பதில் இல்லையென்றால், தயங்காமல் இரண்டாவதைக் கூப்பிடுங்கள்.

வணக்கம்.