இரண்டாவது உறை

வணக்கம் நேயர்களே. சிறுகதைப் போட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்றுவரை ஒரு முதல் பரிசுகூட வாங்காதவள் நான். ஆறுதல் பரிசு மூன்று முறை. அதில் ஒன்று எவர்சில்வர் டிபன் பாக்ஸ், இன்னும் உழைக்கிறது.

அதற்காகப் போட்டியைக் குறைத்துப் பேச மாட்டேன். 1966-இல் கல்கி இதழ் வெள்ளி விழாவுக்காக நாவல் போட்டி நடத்தியது. முதல் பரிசு வாங்கிய உமாசந்திரன் நம்ம வானொலிக்காரர். அந்த நாவல்தான் ‘முள்ளும் மலரும்’. 1978-இல் வந்த படத்தை எல்லோருக்கும் தெரியும், அது போட்டிக்கு வந்த கதை என்பது பலருக்குத் தெரியாது. கடைசித் தேதி என்ற ஒன்று இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் எழுதியதை முடிக்கவே மாட்டோம்.

அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம், என் தப்பிலிருந்தே சொல்கிறேன். ‘இது என் சொந்தக் கற்பனை, வேறெங்கும் அனுப்பவில்லை’ என்று உறுதிமொழி எழுதிவிட்டு, ஒரே கதையை இரண்டு இடத்துக்குத் தபாலில் போட்டேன். ஒரு பத்திரிகை அதைப் பிரசுரித்துவிட்டது. இன்னொன்றில் அது இறுதிச் சுற்றில் இருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்று, விதிமுறையில் உரிமை யாருக்கு என்று பாருங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் கணக்கு. நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, ‘உங்கள் கதை தொகுப்புக்குத் தேர்வாகிவிட்டது, பத்துப் பிரதி வாங்குங்கள்’ என்பவர்களிடம் நானும் ஏமாந்திருக்கிறேன். போகட்டும்.

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்காக நானே ஒரு போட்டி நடத்தியபோதுதான் மறுபக்கம் புரிந்தது. கதைத்தாளில் பெயர் கூடாது. பெயரும் விலாசமும் ஒரு சிறிய உறைக்குள் ஒட்டி வர வேண்டும், முடிவு ஆனபின்தான் பிரிப்போம் என்று விதி வைத்தோம். 163 கதைகள் வந்தன. எண் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் ஒரு கதையை நீட்டினார். “டீச்சர், இந்தப் பச்சை மை யாருதுன்னு உங்களுக்குத் தெரியலையா?” தெரிந்தது. பெயரை மறைத்து என்ன பயன்? கையால் எழுதிய கதைகளை எல்லாம் டைப் அடிக்கக் கொடுத்தோம். அந்தச் செலவு பரிசுத் தொகையைத் தாண்டிவிட்டது.

படிக்கப் படிக்கக் கண் கட்டியது. அத்தனையும் கனவு என்று அலாரம் அடித்து விழிக்கிற கதை பதினொன்று. முதியோர் இல்லத்து வாசலில் முடிகிறவை முப்பதுக்கு மேல். அதைவிடப் பெரிய சிக்கல் மதிப்பெண்ணில் இருந்தது. மூன்று நடுவர்கள் ஆளுக்குப் பத்துக்குப் போட்டோம். ஒரு கதைக்கு ஒருவர் ஒன்பது, ஒருவர் மூன்று, ஒருவர் ஐந்து, மொத்தம் பதினேழு. யாருக்கும் கோபம் வராத, யாருக்கும் நினைவிலும் நிற்காத ஒரு கதைக்கு மூன்று பேரும் ஆறு ஆறு, பதினெட்டு. கூட்டிப் பார்த்தால் சப்பென்ற கதைதான் ஜெயிக்கிறது! நான் தோற்ற போட்டிகளில் இப்படித்தான் நடந்திருக்குமோ என்று ஒரு அற்பச் சந்தோஷமும் வந்தது, மறைக்க மாட்டேன். மதிப்பெண் தாளைக் கிழித்தோம். ஆளுக்கு மூன்று கதை கொண்டுவந்து வாதாடுவது என்று முடிவு செய்தோம். ராத்திரி பத்தரை மணி வரை சண்டை. மூன்று மதிப்பெண் போட்டவரே கடைசியில், “சரி, எனக்குப் பிடிக்கலை, ஆனா மறக்க முடியலை” என்று கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்த கதையின் சிறிய உறையைப் பிரித்தால், உள்ளே உறுதிமொழி மட்டும். பெயர் இல்லை, ஊர் இல்லை. கதையின் தலைப்பை நூலகப் பலகையில் எழுதிப் போட்டோம். ஒன்பதாம் நாள் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், கையில் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிய நகலோடு. உள்ளே போய், டைப்புக்குக் கொடுத்துத் திரும்பி வந்த கட்டிலிருந்து அவருடைய மூலத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே கோணல் எழுத்து, அதே பென்சில்.