வரி கேட்டு வந்த சாசனம்

எல்லாருக்கும் வணக்கம். சென்னை மாநகராட்சி இருக்கிற ரிப்பன் பில்டிங்கைத் தாண்டிப் போகாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க, ஆனா அந்த மாநகராட்சியை எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா பல பேருக்குத் தெரியாது. வரி வசூல் பண்ணத்தாங்க.

1686ல மெட்ராஸ்ல ஊர் மதிலுக்குன்னு கிழக்கிந்தியக் கம்பெனி வரி போட்டுச்சு, ஜனங்க முடியாதுன்னு கடையெல்லாம் சாத்திட்டாங்க. லண்டன்ல இருந்து கம்பெனியை நடத்துன ஜோசையா சைல்டு இதுக்கு ஒரு வழி யோசிச்சார். நாம அதிகாரம் பண்ணி ஆறு பென்ஸ் கேட்டா தரமாட்டாங்க, அவங்க ஆளுங்களே உக்கார்ற ஒரு சபை வரி போட்டா அதைப்போல பத்து மடங்கு, அஞ்சு ஷில்லிங்கூட தருவாங்க, இதுதான் அவர் கணக்கு. அந்தச் சபைதான் மாநகராட்சி. அதை அமைக்கிற உத்தரவுப் பத்திரமான சாசனத்தை இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ் கொடுக்கிறதா கம்பெனியே கொடுக்கிறதான்னு பேசி, கடைசில கம்பெனி பேர்லயே 1687 டிசம்பர் 30ந்தேதி எழுதுனாங்க. 1688 செப்டம்பர் 29 அன்னைக்கு பதவியேற்பு, நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர், கூட 12 ஆல்டர்மேன், அதாவது மூத்த உறுப்பினருங்க, சிவப்பு அங்கி, முலாம் பூசுன வெள்ளிச் செங்கோல்னு ஏகப்பட்ட தடபுடல். அந்த 12 பேர்ல கம்பெனி உத்தியோகஸ்தங்க மட்டும் இல்ல, யூத வியாபாரிங்க இருந்தாங்க, நம்ம ஊர் வியாபாரி சின்ன வெங்கடாத்ரி இருந்தார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்தான், நான் மறுக்கல.

ஆனா இவங்க எல்லார் பேரையும் சாசனத்துலயே எழுதி அனுப்பிட்டாங்க, ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவங்க ஒருத்தர்கூட கிடையாது. அப்புறம் எப்படிங்க ஜனங்க மனசார காசு கொடுப்பாங்க? கொடுக்கல. 1726ல ராஜா பேர்ல புது சாசனம் வந்துச்சு, அதுல மேயரும் ஆல்டர்மேனும் முக்கியமா கோர்ட்டு நடத்துறவங்களா ஆயிட்டாங்க.

இப்ப 1920க்கு வாங்க. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவரா இருக்கார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மத்தியானம் சாப்பாடு போடலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கவுன்சில்ல தீர்மானம் போட்டாங்க. பசியோட வர்ற பிள்ளைக்கு என்ன வேணும்னு அந்த ஊர்க்காரங்க உக்காந்து பேசி எடுத்த முடிவு அது, எனக்கு உள்ளாட்சின்னா இதுதாங்க, செங்கோலும் அங்கியும் எனக்குப் பெருசாத் தெரியல.

அப்பேர்ப்பட்ட கவுன்சிலை 1973ல கலைச்சுட்டு 1996 வரைக்கும் தேர்தலே வைக்கல, 23 வருஷம்! மறுபடி 2016ல இருந்து 2022 வரைக்கும் கவுன்சில் இல்லாம அரசாங்கம் நியமிச்ச தனி அலுவலர் ஆட்சி. இந்த வருஷமெல்லாம் சொத்து வரி ஒரு தடவைகூட நிக்கலீங்க, கேள்வி கேக்க நமக்குன்னு ஒரு கவுன்சிலர்தான் இல்ல. இதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வருது.

2022ல, கவுன்சிலர் தலைமைல நடக்குற வார்டு கமிட்டிக்கும், ஏரியா ஜனங்க கூடிப் பேசுற ஏரியா சபைக்கும் விதிகள் வந்தாச்சு. உங்க வார்டுல கூட்டம் எப்பன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க, போகும்போது சொத்து வரி ரசீதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. நன்றி.