கல்லைத் தொட்டா ஊர் தெரியும்

வணக்கம்ங்க. நான் கேத்தி பள்ளத்தாக்குல முப்பது வருஷமா உருளைக்கிழங்கு போட்டவன், ஆனா இன்னிக்கு உங்ககிட்ட ஒரு கடற்கரையப் பத்தி பேசணும்னு வந்திருக்கேன். மெரினா மாதிரி மணல் இல்லைங்க, பூரா கூழாங்கல்லு. இங்கிலாந்துல டார்செட்னு ஒரு மாவட்டம், அங்க செசில் பீச். மக அங்க வேலையில இருக்கா, ஒரு மே மாசம் கூட்டிட்டுப் போனா. நீளம் சுமார் 29 கிலோமீட்டர், ஊட்டியில இருந்து கோத்தகிரி போற தூரம்னு வைங்க, அத்தனையும் கல்லு. ரெண்டு அடி வெச்சா ஒரு அடி பின்னாடி சறுக்கும்.

இப்ப கேளுங்க, என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது இதுதான். மேற்குக் கோடியில வெஸ்ட் பே, அங்க கல்லு பட்டாணி சைஸ். அப்படியே வர வர பெருசாகி, இந்தக் கோடி போர்ட்லண்ட்கிட்ட நல்ல முதல் தரம் ஊட்டிக் கிழங்கு சைஸ் ஆயிடுது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புறப்ப பெருசு, நடுத்தரம், பொடின்னு நாம ஆள் வெச்சுப் பிரிக்கிறோம்ல, அந்த வேலைய அங்க அலையே செஞ்சு வெச்சிருக்குங்க. ராத்திரியில, மூடுபனியில கரை ஒதுங்குற மீனவங்க கல்லைக் கையில எடுத்துப் பார்த்தே எந்த ஊர்கிட்ட இறங்கியிருக்கோம்னு சொல்லிடுவாங்களாம். நான் சும்மா இருப்பேனா, மூணு இடத்துல வண்டிய நிறுத்தச் சொன்னேன், ஒவ்வொரு இடத்துலயும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை உள்ளங்கையில உருட்டிப் பார்த்தேன், வித்தியாசம் அப்படியே தெரியுது, கிழங்கு பிரிச்ச கைதானே. அப்புறம் எடுத்த இடத்துலயே வெச்சிட்டேன். அங்க கல்லை எடுத்துட்டுப் போறது சட்டப்படி தப்பு.

அந்தக் கல்லு மேலதான் சின்ன ஆலான்னு ஒரு கடல்பறவை முட்டை போடுது. ஐம்பது கிராம் எடைதான் இருக்கும், மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து அவ்வளவு தூரம் பறந்து வர்ற பறவை. கூடுன்னு ஒண்ணும் கிடையாது, கல்லுக்கு நடுவுல ஒரு சின்னப் பள்ளம், அதுல ரெண்டு மூணு முட்டை, புள்ளி புள்ளியா கல்லு மாதிரியே. நம்ம ஆள்காட்டிக் குருவி காட்டுல வெறுந்தரையில போடுமே, அதே மாதிரி. நரி வராம கரண்ட் வேலி போட்டு, ஆள் வெச்சுக் காவல் காக்குறாங்க. நாங்க கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னு பைனாகுலர்ல பார்த்தோம், மக "அப்பா, அதோ உட்கார்ந்திருக்கு பாருங்க"ன்னு காட்டினப்புறமும் எனக்கு ரொம்ப நேரம் கல்லுதான் தெரிஞ்சுது. நம்ம புல்வெளியில நீலகிரி நெட்டைக்காலிங்கிற குருவியும் தரையிலதாங்க கூடு கட்டுது, தயவுசெஞ்சு புல்வெளிக்குள்ள வண்டிய விடாதீங்க, இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோக்காரங்க கை காட்டுறாங்க, இன்னும் ரெண்டு நிமிஷம்தானாம். பீச்சுக்குப் பின்னாடி ஃப்ளீட்னு ஒரு உப்பங்கழி, அதோட கரையில அப்பட்ஸ்பரியில அன்னப்பறவைங்க கூட்டங்கூட்டமா கூடு கட்டுது, 1393லயே எழுத்துல பதிவு இருக்கு. கல்லுக்குள்ள ஆழமா வேர் விட்டு வளர்ற கடல் முட்டைக்கோசுன்னு ஒரு செடியப் பத்தியும் எழுதிட்டு வந்தேன், அதுக்கு நேரம் இல்லைங்க. வணக்கம்.